வேலையில் அடிபட்டால்: முதல் நாளிலிருந்து இழப்பீடு வரை

பவர் பிரஸ்ஸில் விரல்களை இழந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் இதுதான்: "நான்தாங்க கவனிக்காம கையை உள்ள விட்டுட்டேன்." சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளியும் இதையே சொல்வார், கொதிக்கும் எண்ணெய் கொட்டி வெந்த கேன்டீன் ஊழியரும் இதையே சொல்வார். தவறு தன்னுடையது, ஆகவே கேட்க உரிமையில்லை என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. முதலாளி தரப்பும் அதை வளர்த்துவிடும்.

சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து உடலில் காயம் ஏற்பட்டால் இழப்பீடு தருவது முதலாளியின் கடமை. முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. சாதாரணக் கவனக்குறைவு தொழிலாளியின் உரிமையைப் பறிக்காது. 1923 முதல் இந்தியாவில் நிலைத்திருக்கும் கொள்கை இது. இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது இதை மட்டும் மறக்காதீர்கள்: நீங்கள் கேட்பது உதவி இல்லை, உங்களுக்குச் சேர வேண்டிய பணம்.

ஆனால் அந்த உரிமை கைக்கு வருமா என்பதை, விபத்து நடந்த முதல் இரண்டு நாட்களில் காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம்

கையில் துணி சுற்றி, கம்பெனி வேனில் ஏற்றி அழைத்துப் போகும் வழியில் சூப்பர்வைசர் மெதுவாகச் சொல்வார்: "டாக்டர் கேட்டா பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடு தம்பி. செலவெல்லாம் கம்பெனி பார்த்துக்கும்." வலியில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். சேர்க்கைச் சீட்டில் 'இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகக் கூறுகிறார்' என்று ஏறிவிடும். ஆறு மாதம் கழித்துக் கம்பெனியின் வழக்கறிஞர் எடுத்துக்காட்டும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

எனவே மருத்துவரிடம் உண்மையை மட்டும் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, எந்த மிஷின், எத்தனை மணிக்கு, எப்படி அடிபட்டது என்பதைச் சொல்லி, அப்படியே எழுதச் சொல்லுங்கள். அடிபட்டவர் பேச முடியாத நிலையில் இருந்தால் கூட வந்த மனைவியோ அண்ணனோ சொல்லலாம். அரசு மருத்துவமனையில் இது விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஏ.ஆர். நகல் என்று கேட்டு வாங்கலாம். தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும் சேர்க்கைக் குறிப்பில் காயத்தின் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தவறாக எழுதியிருந்தால் அன்றே எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள்.

அதே வாரத்திற்குள் குடும்பத்தார் திரட்ட வேண்டியவை:

1. காயத்தின் படங்கள், எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றின் அசலும் உங்களிடம் இருக்க வேண்டும். கம்பெனி கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.
2. அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான சான்று: அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், பி.எஃப். எண். எதுவுமே இல்லாவிட்டால் மேஸ்திரி கூகுள் பேயில் அனுப்பிய பணம், வேலைக்கு வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, ஷிப்ட் குரூப்பில் உங்கள் பெயர் ஆகியவையும் சான்றுதான்.
3. அந்த நேரத்தில் பக்கத்தில் வேலை செய்தவர்களின் பெயர், ஊர், கைபேசி எண். வெளிமாநிலத் தொழிலாளர் ஊருக்குக் கிளம்பிவிடலாம். அதனால் சொந்த ஊர் முகவரியும் தேவை.
4. முடிந்தால் மிஷினின் படம். பாதுகாப்பு மூடி இருந்ததா, சென்சார் வேலை செய்ததா என்பது பின்னால் பயன்படும்.

பிறகு முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். அரைப் பக்கக் கடிதம் போதும். பெயர், விபத்து நடந்த நாள், நேரம், இடம், காரணம், காயம் ஆகியவற்றை எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். தகவல் கொடுக்கத் தவறினாலும், விபத்து முதலாளிக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் உரிமை போய்விடாது. ஆனாலும் கடிதம் இருந்தால் அந்த வாதமே எழாது. கம்பெனி தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். காரணமின்றி மறுத்தால் இழப்பீடு நிறுத்தி வைக்கப்படலாம்.

இரண்டு பாதை: எது உங்களுடையது?

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் இ.எஸ்.ஐ.யின் கீழ் வருகிறீர்களா என்பது. பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் வாங்குபவர் இ.எஸ்.ஐ.யில் இருக்க வேண்டும். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுவார்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் விபத்துக்கான பலன்களை இ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்தே பெற வேண்டும். அதே காயத்துக்கு முதலாளியிடம் சட்டப்படியான இழப்பீட்டையும் கேட்க முடியாது. இ.எஸ்.ஐ.யில் இல்லாதவருக்கு, அல்லது 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதால் அதற்கு வெளியே இருப்பவருக்கு, முதலாளியே இழப்பீடு தர வேண்டும்.

சட்டத்தின் பெயர் பற்றி ஒரு விளக்கம். பல ஆண்டுகளாகப் பழகிய பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923, இ.எஸ்.ஐ. சட்டம், 1948 ஆகியவை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்ற ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. இது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் நடந்த விபத்து என்றால் மனுவில் பழைய சட்டத்தையும், பின் நடந்தது என்றால் புதியதையும் குறிப்பிட வேண்டும். கீழே சொல்லும் அடிப்படை உரிமைகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே.

இ.எஸ்.ஐ. என்ன தருகிறது?

வேலையில் அடிபட்டவருக்கு இ.எஸ்.ஐ. தருபவை மூன்று. முதலாவது, முழுச் சிகிச்சை. இரண்டாவது, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினக் கூலியில் 90 சதவீதம். மூன்றாவது, காயம் நிரந்தர ஊனமாக மாறினால் ஆயுள் முழுவதும் மாதத் தொகை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்குப் பொருந்தாது.

"உனக்கு இன்னும் இ.எஸ்.ஐ. போடலையே" என்று கம்பெனி கையை விரித்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். பதிவு செய்ய வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அவர் செய்யவில்லை என்பதற்காகத் தொழிலாளி பலனை இழக்கக் கூடாது. கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ள சட்டத்தில் இடமுண்டு. அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

கம்பெனி விபத்து அறிக்கையை இ.எஸ்.ஐ.க்கு அனுப்பியதா என்று உறுதி செய்யுங்கள். இது போகாவிட்டால் உங்கள் விடுப்பு சாதாரண நோய் விடுப்பாகக் கணக்காகிவிடும். கூலியில் 90 சதவீதம் கிடைக்க வேண்டிய இடத்தில் 70 சதவீதம்தான் வரும். ஆயுள் தொகைக்கான வழியும் சிக்கலாகும்.

சிகிச்சை முடிந்தபின் மருத்துவக் குழு உங்களைப் பரிசோதித்து, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று முடிவு செய்யும். மாதம் 18,000 ரூபாய் வாங்கியவருக்கு 50 சதவீத இழப்பு என்று முடிவானால் மாதம் சுமார் 8,100 ரூபாய் ஆயுள் முழுவதும் வரும். குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம். முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போவது நல்லது. தற்காலிக ஊனப் பலனை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளி தர வேண்டிய இழப்பீடு: கணக்கு போடுவது எப்படி?

இ.எஸ்.ஐ. இல்லாதவருக்கான கணக்கில் மூன்று எண்கள் உண்டு: மாதச் சம்பளம், வயதுக்கான காரணி, இழப்புச் சதவீதம்.

சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரியில் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீங்கள் 25,000 ரூபாய் வாங்கினாலும் கணக்குக்கு 15,000தான். மனு போடும்போது நடப்பு வரம்பைத் தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வயதுக்கான காரணி சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 20 வயதுக்கு 224.00, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09.

முழு நிரந்தர ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக் காரணியால் பெருக்க வேண்டும். பகுதி ஊனம் என்றால் அந்தத் தொகையில் இழப்புச் சதவீதம் எவ்வளவோ அவ்வளவு. சில காயங்களுக்கு அட்டவணையே சதவீதம் சொல்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50.

ஒரு உதாரணம். வயது 30, சம்பளம் 18,000, பிரஸ்ஸில் ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டன. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 15,000. அதில் 60 சதவீதம் 9,000. அதை 207.98 ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய். அதில் பாதி 9,35,910 ரூபாய். சிகிச்சைக்குச் செய்த உண்மையான செலவையும் முதலாளி தனியாகத் தர வேண்டும். இந்த இடத்தில்தான் "ஐம்பதாயிரம் வாங்கிக்கோ, கூட வாட்ச்மேன் வேலையும் தர்றோம்" என்ற பேச்சு வரும். பதில் சொல்லும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு, தகுதியுள்ள மருத்துவர் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிடுவார். இங்கே உங்கள் தொழில் என்ன என்பது மிக முக்கியம். இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இழப்பு முழுமையானது என்பதை உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்க வேண்டியதாகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே மருத்துவச் சான்றில் காயத்தின் பெயரோடு, 'இந்தத் தொழிலை இனிச் செய்ய இயலாது' என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காயம் தற்காலிகமானது என்றால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம் கிடைக்கும்.

முதலாளி சொல்லக்கூடிய மறுப்புகள்

மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்காத காயத்துக்கு இழப்பீடு இல்லை. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக்கான தெளிவான உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவை விபத்துக்குக் காரணமாக இருந்தால் முதலாளி மறுக்கலாம். மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்துவிட்டால் இந்த மறுப்புகளும் செல்லாது. உற்பத்தி வேகத்துக்காக சூப்பர்வைசரே மூடியைக் கழற்றச் சொல்லியிருந்தால் அதை உங்கள் சாட்சி தெளிவாகச் சொல்ல வேண்டும்.

"அவர் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்" என்பதும் அடிக்கடி வரும் மறுப்பு. தன் தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டர் மூலம் செய்விக்கும் நிறுவனம் அந்தத் தொழிலாளிக்கும் பொறுப்பு. கொடுத்த தொகையைக் காண்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர்களுக்குள் உள்ள விவகாரம். மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, அந்தப் பயணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு நிலைநாட்டப்பட்டால், வேலை விபத்தாகவே கருதப்படும். லாரி டிரைவர், கிளீனர் போன்றோருக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயமும் திறந்திருக்கிறது. ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அதனால் மனு போடும் முன் எதில் அதிகம் கிடைக்கும் என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வெள்ளைத்தாளில் கையெழுத்து

கட்டில் ஓரத்தில் வைத்து வாங்கும் கையெழுத்துகள்தான் பல குடும்பங்களை அழித்திருக்கின்றன. 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கினாலும், சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சமரசமாகத் தொகை பேசி முடித்தால் அந்த உடன்பாட்டைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றாலோ ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்றாலோ அவர் பதிவை மறுக்கலாம். பதிவு செய்யாத உடன்பாட்டைக் காட்டி முதலாளி முழுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

மரணம் நேர்ந்தால் எச்சரிக்கை இன்னும் தேவை. இறந்தவரின் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக் காரணியால் பெருக்கிய தொகை குடும்பத்துக்கு உரியது. மேலே சொன்ன அதே வயதும் சம்பளமும் என்றால் 15,59,850 ரூபாய். இதை முதலாளி அதிகாரியிடம் கட்ட வேண்டும், அவர்தான் மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்குப் பிரித்துக் கொடுப்பார். காரியத்தன்று வீட்டில் வந்து கொடுக்கும் பணம் இழப்பீடு கொடுத்ததாகக் கணக்காகாது.

மனு போடுதல்

தமிழ்நாட்டில் இந்த மனுக்களை விசாரிப்பவர்கள் தொழிலாளர் துறையின் இணை ஆணையர், துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரிகள். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல், நீங்கள் வழக்கமாக வசிக்கும் மாவட்டத்திலும் மனு போடலாம். பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்த தருமபுரித் தொழிலாளி தன் சொந்த மாவட்டத்துக்கு உரிய அலுவலகத்தையே அணுகலாம். திருப்பூரில் அடிபட்டுக் குடும்பத்துடன் ஊர் திரும்பிய ஒடிசாத் தொழிலாளிக்கும் இதே உரிமை உண்டு.

காலக்கெடு, விபத்து அல்லது மரணம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை அதிகாரி மன்னிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி உங்களுக்காக ஆஜராகலாம். காசு இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அங்கே இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

விசாரணை இழுக்கும்போது சோர்ந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குள் தராத இழப்பீட்டுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. மேலே கண்ட 9,35,910 ரூபாய்க்கு இரண்டு ஆண்டு வட்டி மட்டும் 2,24,618 ரூபாய். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். இரண்டையும் மனுவில் எழுதிக் கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய விரும்பும் முதலாளி முதலில் தொகையைக் கட்ட வேண்டும். கட்ட மறுத்தால் நில வருவாய் பாக்கியைப் போல வசூலிக்கலாம்.

இழப்பீட்டோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். முதலாளியின் அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்தோ மரணமோ நேர்ந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வழக்குப் பதிய முடியும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதுங்கள். அங்கிருந்து வரும் ஆய்வு அறிக்கை உங்கள் மனுவுக்கு வலுவான சான்றாகும். அடுத்த ஷிப்ட்டில் அதே மிஷினில் நிற்பவரின் கையையும் அது காப்பாற்றக்கூடும். கட்டடத் தொழிலாளர் உள்ளிட்டோருக்கான நல வாரியங்களில் பதிவிருந்தால் அந்த விபத்து உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். அதை வாங்கியதால் முதலாளியின் கடமை குறையாது.

இந்த அத்தியாயத்திலிருந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டியது இவ்வளவுதான். முதல் நாள், மருத்துவப் பதிவில் உண்மை. முதல் வாரம், முதலாளிக்குக் கடிதம், சாட்சிகளின் எண்கள், இ.எஸ்.ஐ. இருந்தால் விபத்து அறிக்கை. முதல் மாதம் முடிந்தும் பணம் வரவில்லையென்றால் தொழிற்சங்கத்தையோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ பார்த்தல். சிகிச்சை முடிந்ததும் ஊனச் சான்று. இரண்டு ஆண்டு முடிவதற்குள் மனு. இதில் எந்தப் படியில் நீங்கள் இப்போது இருக்கிறீர்களோ, அதற்குரிய காகிதத்தை இன்றே எடுத்து வையுங்கள். உங்கள் பக்கத்து மிஷின்காரருக்கு அடிபட்டிருந்தால், அவருக்காக நீங்கள் சாட்சி சொல்லத் தயாராகுங்கள்.